காளியாத்தாளுக்குச் சொல்லிக்கொடுத்த பதில்கள்

ஆனைமலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கிற பேக்கரியில் தேங்காய் பன் சாயங்காலம் நாலு மணிக்கு வெளியே வரும். நாலேகாலுக்குள் போய்விட்டால் சூடாகக் கிடைக்கும். நேரம் கழித்துப் போனால் உள்ளே வைத்த தேங்காய்ப்பூ இறுகிக் கிடக்கும். என் தங்கச்சி காளியாத்தாள் ஆறின பன்னைத் தொடமாட்டாள். அதனால் அந்த நாற்பது நாளும் தேங்காய்க் களத்தில் சொல்லிவிட்டு மூன்றரை மணிக்கே உரிக்கிற பாரையைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிடுவேன். நாலரைக்கு வீட்டில் பாடம் தொடங்கிவிடும்.

வக்கீலம்மா, சப்-ரிஜிஸ்டிரார் ஆபீசில் நடந்ததை மட்டும் எழுதினால் போதும் என்றீர்கள். நான் எழுதிப் பழகினவன் இல்லை. நடுவில் இருந்து ஆரம்பித்தால் எனக்கு வரிசை தப்பிவிடும். அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன். வேண்டாததை நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் மாசாணம். அப்பா பெயர் அங்கப்பன். வயது ஐம்பத்தெட்டு. பன்னிரண்டு வயதிலிருந்து தேங்காய் உரிக்கிறேன். பாரையை மண்ணில் நட்டுவைத்து, காயை அதன்மேல் குத்தித் திருப்பினால் மட்டை கழன்று வரும். காய்க்கு மூன்று குத்து. முன்பெல்லாம் பொழுது சாய்வதற்குள் ஆயிரம் காய் தாண்டிவிடுவேன். இப்போது பாதி நாளிலேயே தோள் மரத்துப்போகிறது. மனைவி இறந்து பதினாலு வருஷம் ஆகிறது. ஒரே மகள், எழில்.

காளியாத்தாள் என்னைவிட ஒன்பது வயது இளையவள். எங்கள் பக்கத்தில் இவளைப் போன்றவர்களை விவரம் பத்தாதவர்கள் என்போம். பேச்சு வரும், ஆனால் கேட்டால்தான் வரும். வாசல் கூட்டுவாள், தண்ணீர் எடுப்பாள், நார் காயப்போடுவாள். கடைக்கு அனுப்பினால் எதற்கு வந்தோம் என்பதை வழியிலேயே விட்டுவிடுவாள். சில நாள் படுக்கையை நனைத்துவிடுவாள். ஆனால் எங்கள் ஊர் புளியம்பள்ளத்தில் ஒரு ஆடு வழி தப்பி வந்தால், யார் வீட்டு ஆடு என்று பார்த்த உடனே சொல்லி, கழுத்தைக் கட்டிக்கொண்டு போய் அந்த வீட்டில் விட்டுவருவாள். ஒருநாளும் வீடு மாற்றி விட்டதில்லை. அது அவளுக்கு எப்படித் தெரிகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் ஊரில் இலவச வீட்டுமனை கொடுத்தபோது எனக்கு முப்பது வயதிருக்கும். தாசில்தார் ஆபீசிலிருந்து ஆள் வந்து எழுதினார். அப்பா என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டி, "இங்க வெய்யி" என்றார். கட்டை விரலை வைத்தேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த வயதுக்குள் எத்தனையோ தாளில் விரல் வைத்திருக்கிறேன். எதிலும் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது.

நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். இனியா என்று ஒரு பெண், கல்லூரி முடித்தவள், சாயங்காலம் வருவாள். ஒரு நாளைக்கு ஒரு எழுத்து. அதை நூறு தடவை சொல்லவைத்து, நூறு தடவை எழுதவைத்து, பிறகுதான் அடுத்ததற்குப் போவாள். பேனாவைப் பாரை மாதிரி பிடிக்கிறேன் என்று சிரிப்பாள். "அய்யா, அது பேனாங்க. குத்தாதீங்க, தாளு ஓட்டையாகுது" என்பாள். எனக்குக் கோபம் வந்ததில்லை. ஆறு மாதத்தில் பஸ்ஸில் எழுதியிருப்பதை வாசித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பரீட்சையும் எழுதித் தேறினேன்.

அதற்குப் பிறகு அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். ஓட்டு அட்டை, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். கடைசியில் பட்டா இருந்தது. அதில் காளியாத்தாள், தகப்பனார் அங்கப்பன் என்று இருந்தது. என் பெயர் இல்லை. மறுபடி வாசித்தேன். கீழே, இதில் எனக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதி, பக்கத்தில் ஒரு கட்டை விரல் ரேகை இருந்தது. அது என்னுடையது.

அப்பா செய்ததில் நியாயம் இருக்கிறது. அன்றைக்கே எனக்கு அது தெரிந்தது. நான் எங்கே போனாலும் உரித்துப் பிழைத்துக்கொள்வேன். அவளுக்குப் போக்கிடம் இல்லை. ஒரு கூரையாவது அவள் பேரில் இருந்தால் யாரும் அவளை வெளியே போ என்று சொல்ல முடியாது. எழுத்துத் தெரியாத மனிதர் அவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார். நான் பட்டாவை மடித்து உள்ளே வைத்தேன். இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்த வருஷம்தான் குடிசைகளுக்குப் பதிலாகக் காரை வீடு கட்ட அரசு உதவி வந்தது. ஊராட்சி ஆபீசில் கேட்டேன். பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர் பேருக்குத்தான் வரும் என்றார்கள். அவளுக்கு விவரம் பத்தாது என்றேன். அப்படியானால் அவளுக்குப் பாதுகாவலராக என்னை நியமிக்கச் சொல்லிக் கலெக்டர் ஆபீசில் எழுதிக் கொடுக்கவேண்டும், ஒரு வருஷம் ஆகலாம், ஆனால் ஆகும் என்றார்கள். அதை நான் உங்களிடம் இதுவரை சொல்லவில்லை. வேறு வழி தெரியவில்லை என்றுதான் முதல் நாள் சொன்னேன். வழி தெரியும்.

பத்திரம் எழுதும் சுந்தரராஜுலு ஒரே நாளில் முடியும் என்றார். தங்கச்சி அண்ணனுக்குத் தானமாக எழுதிக் கொடுப்பது போல எழுதிவிடலாம் என்றார்.

"அம்மணிக்கு விவரம் எப்படிங்க?" என்று கேட்டார்.

"கொஞ்சம் பத்தாதுங்க."

"பேரு சொல்லுமா?"

"சொல்லுமுங்க."

"அப்பறம் என்ன. அங்க மேடம் கேக்கறது மூணே கேள்வி. பேரென்ன, அப்பன் பேரென்ன, ஊரென்னங்கறது ஒண்ணு. யாருக்கு எழுதிக் குடுக்கறீங்கங்கறது ரெண்டு. மனசாரத்தான் குடுக்கறீங்களாங்கறது மூணு. மூணுக்கும் பதில் வந்துபோட்டா விவரம் இருக்குதுன்னு அர்த்தம். எனக்கே பாதி நாளு விவரம் இருக்கறதில்ல, எத்தன பத்திரம் எழுதறேன் பாருங்க."

நானும் சிரித்தேன்.

அதற்குத்தான் நாற்பது நாள். இனியா எனக்குச் சொல்லிக்கொடுத்த முறையிலேயே சொல்லிக்கொடுத்தேன். ஒரு கேள்வி, ஒரு பதில், நூறு தடவை. நான் மேஜைக்குப் பின்னால் இருக்கிற அதிகாரி மாதிரி உட்கார்ந்துகொள்வேன். அவள் எதிரில் நிற்பாள். சரியாகச் சொன்னால் பன்னில் ஒரு விள்ளல். முதல் வாரம் எதைக் கேட்டாலும் பன்னைத்தான் பார்த்தாள். இருபதாம் நாள் பேரும் ஊரும் தடையில்லாமல் வந்தன. "யாருக்கு எழுதிக் குடுக்கறீங்க?" என்றால் "அண்ணனுக்குங்க" என்பாள். "மனசாரவா?" என்றால் "மனசாரங்க, முழுச் சம்மதமுங்க" என்பாள். கடைசிச் சொல் அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. கோழிக்குத் தீனி போடும்போதுகூட முழுச் சம்மதமுங்க, முழுச் சம்மதமுங்க என்று சொல்லிக்கொண்டிருப்பாள். எழில் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அத்தைக்கு என்னப்பா, கட்சியில சேத்துப்போட்டீங்களா?" என்றாள்.

"ஊடு கட்டோணுமில்ல. ஆபீசர் கேட்டாச் சொல்லோணும்" என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. பொய் இல்லையே.

அது ஒரு புதன்கிழமை. காளியாத்தாளுக்குப் புதுச் சேலை வாங்கிக் கட்டிவிட்டு அழைத்துப் போனேன். போட்டோ எடுத்தார்கள், விரலை ஒரு கண்ணாடியில் வைக்கச் சொன்னார்கள். சப்-ரிஜிஸ்டிரார் சின்ன வயதுப் பெண். மூன்று கேள்வியும் கேட்டார். மூன்றுக்கும் தங்கச்சி சரியாகப் பதில் சொன்னாள். எனக்கு மூச்சு வந்தது. அப்போது அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சொல்லிக்கொடுக்காத ஒன்றைக் கேட்டார்.

"ஊட்ட அண்ணனுக்கு எழுதிக் குடுத்துட்டா, நாளைக்கு நீங்க எங்கம்மா இருப்பீங்க?"

சுந்தரராஜுலு கூரையைப் பார்த்தார். காளியாத்தாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்தம்மாவைப் பார்த்து, "அண்ணன் இருக்குதுங்களே" என்றாள்.

அந்தம்மா சிரித்துவிட்டார். "குடுத்து வெச்சவருங்க நீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நீங்கள் எழுதச் சொன்னது இவ்வளவுதான். தாளில் இருப்பது என்ன, அது தனக்கு நல்லதா கெட்டதா என்று யோசித்துப் பார்க்க முடியாதவரை அந்தத் தாள் கட்டாது, அதுதான் சட்டம் என்று எனக்குப் புரியும்படி சொன்னீர்கள். அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குத் தெரியாது. தெரியாது என்பது எனக்குத் தெரியும். இதை எந்தக் கோர்ட்டிலும் சொல்கிறேன். பத்திரத்தை ரத்து செய்து வீட்டை அவள் பேருக்கு மாற்றிவிடுங்கள்.

ஆனால் இங்கே நிறுத்தினால் நான் வீட்டுக்கு ஆசைப்பட்டவன் என்று மட்டும் ஆகும். அது குறைவான குற்றம்.

வீடு கட்டினோம். ஒரு கூடம், ஒரு அறை, சமையல்கட்டு. காளியாத்தாள் மணல் சுமந்தாள். கொத்தனார் போதும் என்று சொன்ன பிறகும் சுமந்துகொண்டே இருந்தாள். பால் காய்ச்சின அன்றைக்கு அந்த ஒரு அறை அவளுக்கு என்று எழில் சொன்னாள். நானும் சரி என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

எட்டு மாதம் கழித்து எழிலுக்கு உடுமலைப் பக்கத்தில் ஒரு இடம் வந்தது. பையன் மோட்டார் கம்பெனியில் வேலை. நல்ல பையன். அவன் அம்மா வீடு பார்க்க வந்தார். காப்பி குடித்தார். அறைக்குள் எட்டிப் பார்த்தார். காளியாத்தாள் கட்டிலில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஊடெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் அந்தம்மா. "நாளைக்குப் பொறக்கற கொழந்தைக்கும் இப்படி வந்துறாதுங்களா? நான் ஒண்ணும் சொல்லலீங்க. ஒறம்பரை, சொந்தபந்தம் கேப்பாங்க, அதுக்குத்தான்."

எழில் சமையல்கட்டில் இருந்தாள். அவள் காதில் விழுந்ததா என்று தெரியாது.

அன்றைக்கு நான் கணக்குப் போட்டுப் பார்த்தது இப்படித்தான். கல்யாணம் வரைக்கும் தங்கச்சி வேறு எங்காவது இருந்தால் போதும். எங்காவது ஒரு இல்லத்தில் பார்த்துக்கொள்வார்கள். நேரில் போய்ச் சேர்த்தால் காகிதம் கேட்பார்கள், சொந்தம் யார் என்பார்கள், கையெழுத்துக் கேட்பார்கள். ஆளில்லாமல் நிற்கிறவர்களைத் தாங்களாகவே அழைத்துப் போய்ச் சோறு போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கல்யாணம் முடிந்ததும் நானே போய்த் தேடி அழைத்து வந்துவிடலாம். அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஒரு சிக்கல்தான் இருந்தது. நாற்பது நாள் பாடத்தில் அவளுக்குத் தன் ஊர் சொல்ல வந்துவிட்டது. அதற்கு முன்னால் யார் கேட்டாலும் கையைத்தான் காட்டுவாள். இப்போது எங்கே கொண்டுபோய் விட்டாலும், யார் கேட்டாலும், காளியாத்தாள், அப்பா அங்கப்பன், புளியம்பள்ளம், ஆனைமலை என்று ஒப்பித்துவிடுவாள். மறுநாளே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

அதனால் மறுபடியும் பாடம் நடத்தினேன்.

ஊர் மதுக்கரை என்று சொல்லிக்கொடுத்தேன். வாலிபத்தில் அங்கே சிமெண்ட் மூட்டை ஏற்றின பழக்கம், அந்தப் பெயர்தான் வாயில் வந்தது. அப்பா பெயர் ராமன் என்று வைத்தேன். இந்தத் தடவை நாற்பது நாள் ஆகவில்லை. எட்டே நாளில் சொன்னாள். அதுவே எனக்கு உறைத்திருக்கவேண்டும்.

மூன்றாம் நாள் பாடத்தை நிறுத்தி, "இல்லீங்ண்ணா. நம்மூரு புளியம்பள்ளமுங்" என்றாள்.

"அது நமக்குள்ள கண்ணு. வெளியாளு கேட்டா மதுக்கரை."

"ஏனுங்?"

அவள் என்னை ஏன் என்று கேட்டது, எனக்குத் தெரிந்து, அதுதான் முதல் தடவை. கையில் கிடைத்ததைச் சொன்னேன்.

"நம்மூரு பேரச் சொன்னீன்னா அண்ணன் வரமாட்டேன். சொல்லாம இருந்தாத்தான் வந்து கூட்டீட்டுப் போவேன்."

அவள் உள்ளங்கையை என் முன்னால் நீட்டினாள்.

எங்கள் பக்கத்தில் ஆடு விற்கிறபோது விலை படிந்துவிட்டால் வாங்குகிறவர் விற்கிறவர் கையில் அடிப்பார். அடித்துவிட்டால் அவ்வளவுதான், பிறகு வேறு ஆள் வந்து ஐநூறு கூடக் கொடுத்தாலும் மாறக்கூடாது. மாறினால் ஊரில் மரியாதை போய்விடும். ஆட்டோடு ஆடாகச் சுற்றினவள், அதைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறாள். கையை நீட்டியபடியே நின்றாள். நான் அடித்தேன். அவள் கையை மடக்கி, ரவிக்கைக்குள் எதையோ வைப்பது போல நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

ஐப்பசியில் ஒரு நாள் காலையில் கிளம்பினோம். பொள்ளாச்சி, கோயமுத்தூர், அங்கிருந்து சத்தியமங்கலம். எழில் வேலைக்குப் போயிருந்தாள். அடையாள அட்டையைப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு, தெரிகிற ஆடுகளையெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு மணிக்கு இறங்கினோம். தக்காளி சாதம் வாங்கிக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டில் நிழலாக ஒரு பெஞ்சு பார்த்து உட்காரவைத்தேன். பெண் போலீஸ் ஒருவர் நிற்கிற இடமாகப் பார்த்துத்தான் உட்காரவைத்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும் என்று இல்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

தண்ணீர் வாங்கிவருகிறேன் என்று சொல்லவில்லை. எதுவும் சொல்லவில்லை. எழுந்து நடந்தேன். கோயமுத்தூர் பஸ் ஏறினபோது அவள் பெஞ்சிலேயே இருந்தாள். என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எழுந்து வரவில்லை, கூப்பிடவில்லை, அழவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, அதனால் வலியும் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பை வைத்துக்கொண்டு இத்தனை நாள் சாப்பிட்டேன், தூங்கினேன், உரித்தேன்.

ஊரில், கோயமுத்தூரில் ஒரு நல்ல இல்லத்தில் சேர்த்திருக்கிறேன் என்று சொன்னேன். நல்லதாப் போச்சு மாசாணம், உனக்கும் வயசாகுதில்ல என்றார்கள். எழில் மட்டும் சண்டை போட்டாள்.

"நான் கேட்டனாப்பா? அத்தைய அனுப்புன்னு நான் கேட்டனா?" என்றாள். போய்ப் பார்க்கவேண்டும் என்றாள். பழகுகிற வரைக்கும் பார்க்கவிடமாட்டார்கள் என்றேன். தை மாதம் கல்யாணம் நடந்தது. பிறகும் போனில் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொன்னேன். இப்போது அவள் போன் செய்வது குறைந்துவிட்டது. அந்த வீட்டில் நான் ஒருவன்தான் இருக்கிறேன். அறையைப் பூட்டி வைத்திருக்கிறேன்.

கல்யாணம் முடிந்து நான் சத்தியமங்கலம் போகவில்லை. மாசி வரட்டும் என்றேன், பிறகு மழை விடட்டும் என்றேன். அப்படி இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடிவிட்டது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அவளைச் சத்தியமங்கலத்திலிருந்து கூட்டிப் போய்ச் சேர்த்துக்கொண்ட இல்லத்துக்காரர்கள் மதுக்கரைப் போலீசுக்கு நாலு தடவை கடிதம் போட்டிருக்கிறார்கள். ராமன் மகள் காளியாத்தாள் என்று அங்கே யாரும் காணாமல் போகவில்லை. கடைசியில் புதிதாக ஆதார் எடுக்கக் கூட்டிப் போனபோது, இந்த விரலுக்கு ஏற்கெனவே ஆதார் இருக்கிறது என்று வந்ததாம். அதைப் பிடித்துக்கொண்டு விலாசம் கண்டுபிடித்து, பட்டா மாறினதையும் பார்த்து, உங்களிடம் வந்திருக்கிறார்கள். வாய்க்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். விரலுக்குச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை.

போன திங்கட்கிழமை பொள்ளாச்சி கோர்ட் வளாகத்தில் உங்கள் அறைக்கு என்னை வரச் சொன்னீர்கள். அவளும் வந்திருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். இல்லத்து அம்மா, "இவங்க யாருன்னு தெரியுதா?" என்று கேட்டார். அவள் நேரே என் பக்கத்தில் வந்து நின்றாள். நின்று, என் காதருகில் குனிந்து, ரகசியம் மாதிரி சொன்னாள்.

"நான் ஆருகிட்டயும் சொல்லலீங்ண்ணா. நம்மூரு பேர. எத்தன பேரு கேட்டாங்க தெரியுமுங்களா. அடிக்கடி கேட்டாங்க. சொல்லவே இல்லீங்."

அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

நீங்கள் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தீர்கள். "என்னங்க சொல்றாங்க?" என்று கேட்டீர்கள்.

"உளறுதுங்க" என்றேன்.

நீங்கள் அதை எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். வழக்குக்கு உதவும் என்று எழுதியிருப்பீர்கள், அவளுக்கு எதுவும் விளங்காது என்பதற்கு. வக்கீலம்மா, தயவுசெய்து அந்த வரியை அடித்துவிடுங்கள். பத்திரம் அவளுக்குப் புரியவில்லை, அது நிஜம். இது புரிந்தது. தான் என்ன செய்யவேண்டும், அதற்கு நான் என்ன செய்யவேண்டும், இரண்டும் தெரிந்துதான் கையை நீட்டினாள். போலீஸ் கேட்டும், டாக்டர் கேட்டும், ஊட்டுக்குப் போகணுமா போகணுமா என்று தினமும் யாராவது கேட்டும், தன் ஊரை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் இருந்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் எழுந்து என் பின்னால் ஓடிவராததும் அதனால்தான். பேசினபடி நான் வருவேன் என்று உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணம் முடிந்ததும் கூட்டிவரலாம் என்று நினைத்ததாக மேலே எழுதியிருக்கிறேன். அதை எழுதும்போது நானும் நம்பித்தான் எழுதினேன். இப்போது மறுபடி வாசித்துப் பார்த்தேன். அது சரியில்லை. அன்றைக்கு அவள் கையில் நான் அடித்தபோதே, வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.